மெல்லிய குரல்களுக்கு முதலிடம்

சின்னம்மா, இந்த மடலில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். காதால் கேட்டதைக் கேட்டேன் என்றும், நானாக நினைத்துக்கொண்டதை நினைத்தேன் என்றும் பிரித்தே எழுதுவேன். நான் எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறவள் என்று வீட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். உங்களுக்கு மட்டும் அது இருந்ததில்லை. அதனால் உங்களுக்கு எழுதும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இன்று பின்னேரம் உங்கள் மேசையைத் துடைக்கும்படி அம்மா சொன்னார். வானொலிப் பெட்டியை மூடியிருந்த துணியை எடுத்தேன். மைக்கில் நீங்கள் கட்டிவிட்ட கைக்குட்டை அப்படியே இருந்தது. மூக்கின் அருகே கொண்டுபோனேன். தலையிடித் தைலமும் வறுத்த கச்சான் கடலையும் கலந்த வாசம். பேசும்போது உங்கள் மூச்சு மைக்கில் மோதி, புயல் அடிப்பதுபோல் கேட்கிறது என்று ஓட்டமாவடி நானா பகிடி பண்ணிய பிறகுதான் அதைக் கட்டினீர்கள். "இனிப் புயல் எச்சரிக்கை இல்ல நானா" என்று அன்றைக்கே அலைவரிசையில் அறிவித்தும் விட்டீர்கள்.

குருக்கள்மடத்தில் பிரதான வீதியோரம் போட்டோப் பிரதி எடுத்து, போன்களுக்குக் காசு ஏற்றிக்கொடுக்கும் கடை வைத்திருந்த ஒரு பெண், கடையைப் பூட்டியதும் வீட்டுக்கு வந்து வானொலியில் பேசுகிறாள் என்பது ஊருக்கு விளங்காத காரியமாக இருந்தது. என் வகுப்பிலும் கேட்டார்கள், "உண்ட சின்னம்மா எந்த றேடியோவில பாட்டுப் போடுறா?" என்று. பாட்டுப் போடுவதில்லை, பரீட்சை எழுதி அனுமதி பெற்ற ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என்று சொன்னேன். "அதுக்குப் போன் இருக்குத்தானே?" என்றார்கள். கடல் ஊருக்குள் வந்த நாளில் எல்லாப் போன்களும் செத்துக் கிடந்ததை நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வாகரையில் இருந்த உங்கள் சிநேகிதி உயிரோடு இருக்கிறாள் என்று அறிய எத்தனை நாள் அழுதீர்கள் என்பதையும். நான் பிறக்க முன்னர் நடந்ததை நான் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள் என்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

அலைவரிசையில் எல்லோரும் நாள்தோறும் கூடும் மாலைச் சந்திப்பு தொடங்குவது எனக்கு இப்போதும் அப்படியே கேட்கிறது. மைக்கின் பக்கத்தில் இருக்கும் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தி, உங்கள் நிலையத்துக்கு அனுமதியோடு தந்த அடையாளக் குறியான கோல் சைனைச் சொல்லி, "மாலை வணக்கம். மெல்லிய குரல்களுக்கு முதலிடம். மத்த ஆக்கள் ஒள்ளுப்பம் பொறுங்க" என்பீர்கள். பிறகு பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள்.

அந்தக் காத்திருப்பின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்தினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். இருவர் ஒன்றாக அழுத்தினால் பலமான சிக்னல் மெல்லியதை விழுங்கிவிடும். பெரிய அன்டனா வைத்திருப்பவர் சும்மா அழுத்திக்கொண்டிருந்தாலே போதும், தூரத்தில் இருப்பவருடைய குரல் ஒருவருக்கும் கேட்காது. அதனால்தான் தூரத்துக் குரலை முதலில் பேசவிடும் வழக்கத்தை நீங்கள் கொண்டுவந்தீர்கள்.

முதலில் வருவது எப்போதும் வாகரைத் தம்பி. ஒரு பழைய பற்றரி, மூங்கிலில் கட்டிய கம்பி, அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது தம்பி. உமி புடைக்கிறமாதிரி இரையிற சத்தத்துக்கு நடுவில நீங்க நிக்கிறீங்க. அசையாம நில்லுங்க."

"அசையல்ல அக்கா. காத்துத்தான் அசைக்குது."

நான் பக்கத்தில் இரண்டாவது ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கச்சான் உரித்துக் கொடுப்பேன். பொத்தான் அழுத்தியிருக்கும்போது உரிக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். ஒருமுறை மறந்து உரித்துவிட்டேன். "அக்கா, அங்க ஏதோ நெரிபடுது" என்றார் வாகரைத் தம்பி. "என்ட பெறாமகள் பல்லுக் கடிக்கிறா" என்றீர்கள். அன்று முழுவதும் உங்களோடு கோபமாக இருந்தேன்.

வாகரைக்குப் பிறகு ஓட்டமாவடி நானா வருவார். பிடவைக் கடை வைத்திருப்பவர், வந்ததும் மழையை விசாரிப்பார். கடைசியில் ஐயா. நகரத்தில், வாவிக் கரையில், எல்லோரையும்விட உயரமான அன்டனா அவருடையது. பெயரைச் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஐயா என்றே கூப்பிட்டார்கள். அவர் பேசினால் மேடைப் பேச்சுப் போலிருக்கும். உங்களுக்கு முன் மாலைச் சந்திப்பை நடத்தியவரும் அவர்தான்.

அவருடைய குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மின்விசிறி முனகும். ஒரு கிறீச்சு, பிறகு ஒரு டக்கு. கிறீச்சு, டக்கு. அவர் பொத்தானை அழுத்தியதுமே, பேசமுன்னர், யார் என்று தெரிந்துவிடும்.

"ஐயாட பேன் வந்திட்டுது" என்பார் நானா. "அதுக்கும் ஒரு கோல் சைன் எடுத்துக் குடுங்க தங்கச்சி."

"பேனுக்குப் பரீட்சை வைக்கணும் நானா. முனகுறதுக்கெல்லாம் லைசன்ஸ் குடுக்க மாட்டாங்க."

ஐயாவும் சிரிப்பார். "கிழட்டு விசிறி. மன்னித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே."

பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கரண்டும் போன மாரிக்காலத்தில்தான் பொறுப்பு கைமாறியது. வாகரைத் தம்பி எத்தனையோ தரம் கூப்பிட்டும், மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசியதில் அவர் குரல் அமுங்கிக்கொண்டே போனது. நீங்கள்தான் எல்லோரையும் நிறுத்தி அவரைப் பேசவைத்தீர்கள். அங்கே ஒரு கர்ப்பிணியைப் படகில் ஏற்ற வேண்டியிருந்த செய்தி அப்படித்தான் வெளியே வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, இனிச் சந்திப்பை நீங்களே நடத்த வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஐயாவே முன்வந்து, "தகுதியான கைகளில் ஒப்படைக்கிறேன்" என்றார். உங்கள் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாக ஓடியதைப் பார்த்தேன். அன்று கச்சான் முழுவதையும் எனக்கே தந்தீர்கள்.

தொந்தரவு அதற்குப் பிறகு தொடங்கியது. முதலில் ஒரு விசில். பிறகு படப்பாட்டின் துண்டு. பிறகு யாரோ கீச்சுக் குரலில், "மெல்லிய குரல்களுக்கு முதலிடம்" என்று உங்களைப்போல் இழுத்துப் பேசினான். நான் எழும்பியே விட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து இருத்தினீர்கள். ஒன்றும் நடக்காததுபோல், "திருப்பிச் சொல்லுங்க தம்பி, உங்கட கடைசிச் சொல்லு விழுந்து போச்சு" என்றீர்கள்.

அது உங்கள் எல்லோருடைய மரபு. குழப்புகிறவனைப் பற்றி அலைவரிசையில் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. திட்டக் கூடாது, கேட்டது என்றே காட்டக் கூடாது. அவனைப் பற்றிய பேச்சுத்தான் அவனுக்குத் தீனி. கேளாததுபோல் இருந்தால் பசியில் போய்விடுவான். எல்லா நாட்டிலும் ஹாம் ஆட்கள், உங்களைப்போல் அனுமதி பெற்று வானொலியில் பேசுகிறவர்கள், அப்படித்தான் செய்வார்கள் என்றீர்கள்.

அவன் பசியில் போகவில்லை. விசிலையும் பாட்டையும் விட்டுவிட்டு, பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கத் தொடங்கினான். அதுவும் வாகரைத் தம்பி வரும் நேரம் பார்த்து. "அக்கா, கேக்..." என்று தொடங்கும் குரல்மேல் ஒரு கனமான வெறுமை வந்து படுத்துவிடும். நீங்கள் பொறுப்பீர்கள். அது விலகியதும் மறுபடி கூப்பிடுவீர்கள். அது மறுகாவும் வந்து படுக்கும்.

அந்த வெறுமைக்குள் நான் ஒன்றைக் கேட்டேன், சின்னம்மா. இது நினைத்தது அல்ல, கேட்டது. கிறீச்சு, டக்கு. கிறீச்சு, டக்கு.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கடையில் வைத்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒருவருடைய அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் போகும்வரை பேசவில்லை.

"எனக்கும் காது இருக்குகா" என்றீர்கள்.

"அப்ப ஏன் சொல்லாம இருக்கிறீங்க?"

"என்னெண்டு சொல்ற? பேன் ஒண்டு கேட்டது எண்டா? இந்த ஊரில ஆர்ட வீட்டுப் பேன் முனகாம கிடக்கு?"

"அந்த முனகல் வேற. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் புள்ள. நான் பேர் சொன்னா அண்டைக்கே கூட்டம் ரெண்டாப் போகும். பாதி அவரோட, பாதி என்னோட. அந்த வாகரைப் பொடியன் எந்தப் பக்கம் போவான்? அவனுக்கு இருக்கிறது ஒரு பற்றரி."

பிரதி இயந்திரத்தின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தீர்கள். ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிதான்.

"மரியாதையா நிண்டா அவருக்கே வெட்கம் வரும்" என்றீர்கள். அதைச் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

வெட்கம் வரவில்லை. ஒரு மாலை, வாகரைத் தம்பியின் ஒரு சொல்லும் வெளியே வராத மாலை, ஐயா பேசினார். குரலில் அவ்வளவு கனிவு. "தங்கச்சி எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. யாரோ ஒரு விஷமி அவருடைய குரலைக் குறிவைத்திருக்கிறான். அவர் கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கட்டும். அதுவரை இந்தச் சுமையை நானே தாங்கிக்கொள்கிறேன்." நல்லது என்று ஒருவர் சொன்னார். அதுதான் சரி என்று இன்னொருவர். ஓட்டமாவடி நானா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாயே மூடாத மனிதர் அவர்.

நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள். "சரி ஐயா. நல்லாச் செய்யுங்க" என்றீர்கள். விட்டீர்கள்.

அடுத்த நாளிலிருந்து அலைவரிசை கழுவிவிட்ட முற்றம்போல் இருந்தது. விசிலும் இல்லை, வெறுமையும் இல்லை. "பாத்தீங்களா, பொம்பிளக் குரலெண்டா ஆரோ ஒருத்தனுக்குப் பகிடி" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். ஐயா வரிசையை மாற்றினார். மூத்தவர்கள் முதலில், இளையவர்கள் பிறகு. வாகரைத் தம்பியின் முறை வரும்போது அவருடைய பற்றரி களைத்துப் போயிருக்கும். சில நாள் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வருவதை விட்டுவிட்டார்.

நீங்கள் மட்டும் ஒருநாளும் தவறாமல் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதே கதிரையில் இருந்தீர்கள். கைக்குட்டை கட்டிய மைக் மடியில் கிடந்தது. கச்சான் வாங்குவதை நிறுத்திவிட்டீர்கள்.

"நீங்களும் பேசுங்களன்" என்றேன்.

"கூப்பிடட்டும், பேசுவம்."

ஒவ்வொருவருடைய கோல் சைனையும் ஐயா கூப்பிட்டார். உங்களுடையதைக் கூப்பிடவில்லை. மறதியாக இருக்கலாம் என்று அம்மா சொன்னார். அது அம்மாவின் நினைப்பு. என்னுடையதை எழுத வேண்டியதில்லை.

பிறகு மழை, நுளம்பு, காய்ச்சல். டெங்கு என்று தெரியும்போதே உங்கள் கால்கள் குளிர்ந்திருந்தன. வார்ட்டில் நான் உங்கள் கட்டிலோரம் நின்று, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை நின்றுவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்று எனக்குப் பயம். நீங்கள் கையைச் சிறிதாக உயர்த்தினீர்கள். "ஒள்ளுப்பம் பொறுகா. அந்தக் கட்டில்ல இருந்து ஆரோ கூப்பிடுறாங்க." திரும்பிப் பார்த்தேன். மூலைக் கட்டிலில் ஒரு வயதான பெண், தண்ணீர் கேட்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அது உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. நான் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்கு ஓட்டமாவடி நானா சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார். அவரை அன்றுதான் முதன்முதலில் நேரில் கண்டேன். குரலுக்கு ஏற்ற தடித்த மனிதர் என்று நினைத்திருந்தேன், ஒல்லியாக இருந்தார். என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

"மகள், கச்சான் கடிக்கிற புள்ள நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"எனக்கு ஒரு விசயம் சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும். அந்தப் பேன் சத்தம் நமக்கும் கேட்டதுதான்."

"உங்களுக்கா?"

"எனக்கு மட்டுமில்ல. காதுள்ள எல்லாருக்கும். ஆளை ஆள் போனில கேட்டும் பாத்தம். அலைவரிசையில பேசக் கூடாதெண்டு மரியாத பாத்தம். அவர்ட வயசுக்கு மரியாத பாத்தம். தங்கச்சியே பொறுத்திரிக்கா, நமக்கென்ன எண்டும் பாத்தம்." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "பேனைப் பத்திப் பகிடி பண்ண எனக்கு வாய் வந்திச்சு மகள். இதுக்கு வரல்ல."

நீங்கள் மட்டும்தான் சுமக்கிறீர்கள் என்று நான் எண்ணியிருந்ததை எல்லோரும் பங்கு போட்டு ஒளித்து வைத்திருந்தார்கள். நல்ல பழக்கம் என்று நீங்கள் கட்டிக் காத்த மௌனத்துக்குப் பின்னால் ஐயா வசதியாக உட்கார்ந்திருந்தார். நானாவிடம் கோபப்பட முயன்றேன். அவர் அழுதுகொண்டிருந்தார், என்னால் முடியவில்லை.

உங்கள் அந்தியேட்டிச் சடங்கு நேற்று முடிந்தது. இன்று மாலைச் சந்திப்பில் உங்களுக்கு வானொலி அஞ்சலி என்று நானா போன் பண்ணிச் சொன்னார். மேசையைத் துடைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அம்மா உங்கள் கதிரையில் இருந்தார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். பெட்டியின் சிறிய மஞ்சள் வெளிச்சம் அம்மாவின் மடியில் விழுந்தது.

ஐயா உங்களைப் பற்றிப் பேசினார். உங்கள் பொறுமையைப் பற்றி, உங்கள் பண்பைப் பற்றி, கடும் சோதனையிலும் ஒரு கடுஞ்சொல் பேசாதவர் என்பதைப் பற்றி. ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எவ்வளவு நல்ல மனிசன்" என்றார்.

காலமான ஒருவரை அவருடைய கோல் சைனால் மூன்று தரம் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது உங்கள் ஆட்களின் வழக்கம் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பதில் வராது. வராது என்று எல்லோரும் கேட்ட பிறகு, நிலையம் ஓய்ந்தது என்று அறிவிப்பார்கள். ஐயா உங்களைக் கூப்பிட்டார். சின்னம்மா, இத்தனை நாள் நீங்கள் மடியில் மைக்கோடு காத்திருந்த அழைப்பு. எழுத்தெழுத்தாக, தெளிவாக, மூன்று தரம்.

கூப்பிட்டுவிட்டு அவர் பொத்தானை விட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அலைவரிசை வெறுமையாகும். அவர் விடவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றா, எனக்குத் தெரியாது. ஆகவே கேட்டதை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கான அந்த அமைதி முழுவதும் ஒலிபெருக்கியில் கிறீச்சு, டக்கு. கிறீச்சு, டக்கு. அதன் அடியில் எங்கேயோ, உமி புடைக்கும் சத்தத்துக்குள், ஓர் அரைச் சொல். "அக்கா, கே..." அவ்வளவுதான். விசிறி அதை விழுங்கிவிட்டது. எங்கேயோ ஒரு பற்றரிக்கு மின்னேற்றி, நாள் பார்த்து வந்திருக்கிறார், சின்னம்மா. அது வாகரைத் தம்பி என்று நான் நினைக்கிறேன். இல்லை, தெரியும்.

மைக் என் கையில் இருந்தது. பெருவிரல் பொத்தானின்மேல் இருந்தது. ஐயா பொத்தானை ஒருதரம் விட்டு, மறுபடி அழுத்தி, நிலையம் ஓய்ந்தது என்று தொடங்கினார். அவருடைய அன்டனா எவ்வளவு உயரமென்றாலும், ஓர் அழுத்து அழுத்தினால் இந்தப் பக்கத்து ஆட்களுக்காவது அவர் குரல் கிழியும். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். எப்படி என்று அவரே எனக்குக் காட்டித் தந்திருக்கிறார். கைக்குட்டையின் வாசம் மூக்கில் ஏறியது. நான் அழுத்தவில்லை. மரியாதைக்காக அல்ல. உங்களுடைய மைக்கிலிருந்து அந்தச் சத்தம் போகக் கூடாது என்பதற்காக.

"வேறு யாரும் உண்டா?" என்று ஐயா கேட்டார். மூச்சு விடும் நேரம்கூடக் கொடுக்காமல், "எவருமில்லை. நன்றி, வணக்கம்" என்று முடித்தார். நானா உட்பட ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

பெட்டியை விற்கலாமா என்று சாப்பிடும்போது அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். பரீட்சை எழுதி அனுமதி எடுக்க எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. எடுத்தாலும் அந்த அலைவரிசையில் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பேர் சொல்வேனா, உங்களைப்போல் பொறுப்பேனா, இரண்டும் பிழையாகவே படுகிறது. உங்களிடமிருந்து என்னோடு வந்திருப்பது ஒன்றுதான். வகுப்பில் எல்லோரும் ஒன்றாகக் கை உயர்த்திக் கத்தும்போது நான் இப்போது கத்துவதில்லை. கடைசி வாங்கைத் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே எப்போதும் யாரோ ஒருவர் வாயைத் திறந்து மூடுகிறார். அப்படிப் பார்ப்பதால் ஒன்றும் மாறிவிடவில்லை என்பதையும் உண்மையாக எழுத வேண்டும்.

இதை எழுதத் தொடங்கியபோது பெட்டி போட்டபடியே இருந்தது. சந்திப்பு முடிந்த பிறகாவது அந்த அரைச் சொல்லின் மிச்சம் வருமென்று கேட்டுக்கொண்டே எழுதினேன். உமி புடைக்கும் சத்தம் மட்டும் இருந்தது. படுக்க வரச்சொல்லி அம்மா கூப்பிடுகிறார். மைக்கைக் கைக்குட்டையோடு துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். முதலில் பெட்டியின் மஞ்சள் வெளிச்சம், பிறகு அறை விளக்கு, இரண்டையும் அணைத்துவிட்டேன். இந்தக் கடைசி வரியை யன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.